நகரம் வாங்கும் கடனுக்கு மக்கள் காவல்: பத்திரப் பணத்தைப் பின்தொடரும் முழுமையான வழிகாட்டி

ஒரு நகரம் கடன் பத்திரம் வெளியிடுகிறது என்றால், கடன் கொடுப்பவரின் நலனைக் காக்க அன்றைக்கே ஆட்கள் தயாராகிவிடுவார்கள். பத்திரதாரர்கள் சார்பில் ஒரு டிரஸ்டி இருப்பார். ரேட்டிங் நிறுவனம் ஆண்டுதோறும் வந்து கணக்கைக் கிளறும். பல இடங்களில் வரி வசூல் முதலில் எஸ்க்ரோ கணக்கில், அதாவது கடன் தவணைக்கென்று பூட்டி வைத்த தனிக் கணக்கில், விழுந்து, தவணை பிடித்தது போக மீதிதான் நிர்வாகத்தின் கைக்கு வரும். எல்லாம் சரி. 20 ஆண்டுகள் வரியும் தண்ணீர்க் கட்டணமும் கட்டி அந்தக் கடனை அடைக்கப்போகிற நகரவாசிக்காக யார் இருக்கிறார்கள்? பெரும்பாலும் யாரும் இல்லை.

மக்கள் கண்காணிப்பு என்று சொல்வது இந்தக் காலி இடத்தை நிரப்பும் வேலையைத்தான். அதற்குக் கணக்குத் தணிக்கையாளர் படிப்பு வேண்டாம். கூட்டல் வகுத்தல் தெரிந்திருக்க வேண்டும், ஆவணங்களைக் கேட்டு வாங்கும் பொறுமை வேண்டும், ஒரே கேள்வியை மூன்று கூட்டங்களில் கேட்கக் கூச்சப்படாத மனம் வேண்டும். மூன்றாவதுதான் அரிது.

ஒன்றை முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்ளலாம். ‘எங்கள் பத்திரத்துக்கு நல்ல ரேட்டிங் கிடைத்திருக்கிறது’ என்று நிர்வாகம் பெருமையாகச் சொல்லும். கடன் கொடுத்தவருக்குப் பணம் திரும்ப வரும் வாய்ப்பு எவ்வளவு என்பதைத்தான் அந்த எழுத்துகள் சொல்கின்றன. கட்டப்படும் பாலம் தேவையா, விலை நியாயமா, வேலை தரமா என்பதைப் பற்றி அவை வாயே திறப்பதில்லை. ஊழல் மலிந்த திட்டத்துக்கும் உயர்ந்த ரேட்டிங் இருக்கலாம், வரி வசூல் உறுதியாக இருந்தால் போதும்.

படி 1: கடனை அடைப்பது யார் என்று கண்டுபிடியுங்கள்

நகரப் பத்திரங்களில் பெரிய பிரிவுகள் இரண்டு. பொதுப் பொறுப்புப் பத்திரத்தில், நகரம் தன் மொத்த வரி வருவாயையும் பிணையாகக் காட்டுகிறது. திட்டம் வருமானம் தந்தாலும் தராவிட்டாலும் வரி கட்டுகிற எல்லோரும் சேர்ந்து அடைக்க வேண்டும். வருவாய்ப் பத்திரத்தில் ஒரு குறிப்பிட்ட வருமானம் மட்டும் பிணை: குடிநீர்க் கட்டணம், கழிவுநீர்க் கட்டணம், சுங்கம், வாகன நிறுத்தக் கட்டணம் இப்படி.

இந்த வேறுபாடு உங்கள் கண்காணிப்பு எங்கே குவிய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும். பொதுப் பொறுப்புப் பத்திரம் என்றால் நகரத்தின் மொத்தக் கடன் சுமையைப் பார்க்க வேண்டும். வருவாய்ப் பத்திரம் என்றால் கட்டண உயர்வைப் பார்க்க வேண்டும். வருவாய்ப் பத்திர ஒப்பந்தங்களில் ‘வருடாந்திரத் தவணையைவிட இத்தனை மடங்கு வருமானம் இருக்கும்படி கட்டணம் வைக்கப்படும்’ என்று ஒரு வாக்குறுதி இருக்கும். படிக்கும்போது சாதாரண வரியாகத் தெரியும். ஆனால் எதிர்காலக் கட்டண உயர்வுக்கு அன்றே போட்ட கையெழுத்து அது. பிறகு மன்றத்தில் உறுப்பினர்கள் எதிர்த்துப் பேசினாலும், ஒப்பந்தம் கட்டிப்போட்டிருக்கும்.

எஸ்க்ரோவையும் இதே கண்ணால் பாருங்கள். 1998-ல் அகமதாபாத் மாநகராட்சி, மாநில அரசின் உத்தரவாதம் இல்லாமலேயே 100 கோடி ரூபாய்ப் பத்திரம் வெளியிட்டது. நகரத்துக்குள் வரும் சரக்குகள் மீதான ஆக்ட்ராய் வசூலின் ஒரு பகுதியைத் தனிக் கணக்கில் ஒதுக்கி முதலீட்டாளர்களுக்கு நம்பிக்கை தந்தது. இந்திய நகரங்களுக்கு அது ஒரு முன்னோடி முயற்சி, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எஸ்க்ரோ உள்ள எந்த நகரத்திலும், வருமானம் குறையும் ஆண்டில் தவணை குறையாது. குறைவது தெருவிளக்கும் குப்பை அள்ளுவதும்தான். ‘வசூல் 20 சதவீதம் குறைந்தால் எந்தச் சேவையில் கை வைப்பீர்கள்?’ என்பது பத்திரம் விற்பதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி.

படி 2: நோக்க வாசகத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

ஒவ்வொரு பத்திரத்துக்கும் பின்னால் ஒரு தீர்மானம் இருக்கும். அதில் பணம் எதற்காக என்று ஒரு வாசகம் இருக்கும். பின்னாளில் நீங்கள் எழுப்பும் எல்லாக் கேள்விகளும் அந்த வாசகத்தின் மேல்தான் நிற்கும். ஆகவே அது எப்படி எழுதப்படுகிறது என்பதில்தான் முதல் போராட்டம்.

‘நகரின் உள்கட்டமைப்பை மேம்படுத்த’ என்று எழுதியிருந்தால் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. எந்தச் செலவும் அதற்குள் அடங்கிவிடும். ‘வடக்குப் பகுதியில் 14 கிலோமீட்டர் மழைநீர் வடிகால், இரண்டு நீரேற்று நிலையங்கள், இந்த ஆண்டுக்குள்’ என்று இருந்தால் பிடிப்பதற்குக் கைப்பிடி இருக்கிறது. இடம், அளவு, காலம் மூன்றும் இல்லாத வாசகத்தைத் தீர்மான நிலையிலேயே எதிர்க்க வேண்டும். ‘இதுபோன்ற பிற பணிகள்’ என்ற சொற்களைக் கண்டால் அடிக்கோடிடுங்கள். பெரும்பாலான திசைதிருப்பல்கள் அந்த மூன்று சொற்களின் வழியாகத்தான் வெளியேறுகின்றன.

நியூயார்க் நகரம் 1975-ல் திவாலின் விளிம்புக்குப் போனதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்று, அன்றாட நடைமுறைச் செலவுகளை மூலதனச் செலவு என்ற தலைப்பில் எழுதி, அதற்குக் கடன் வாங்கிக்கொண்டே இருந்தது. சம்பளமும் பராமரிப்பும் அந்தந்த ஆண்டு வருமானத்தில் நடக்க வேண்டியவை. அதை 20 ஆண்டுக் கடனில் போட்டால், இன்று பிறக்காத குழந்தையும் இன்றைய சம்பளத்துக்கு வரி கட்டும். உங்கள் நகரத்தின் பத்திரச் செலவுப் பட்டியலில் ஊழியர் சம்பளம், நிர்வாகச் செலவு, ஆலோசனைக் கட்டணம் ஆகியவற்றின் பங்கு எவ்வளவு என்று பாருங்கள். திட்டத்துக்கென்றே நியமித்த பொறியாளரின் சம்பளத்துக்கு நியாயம் சொல்லலாம். பொது அலுவலகத்தின் மின்கட்டணத்துக்குச் சொல்ல முடியாது.

படி 3: மொத்தமாக எவ்வளவு திருப்பிக் கட்டுகிறோம்

இந்தக் கணக்கைப் போடாமல் எந்தக் கூட்டத்துக்கும் போகாதீர்கள். மேடையில் சொல்லப்படுவது எப்போதும் வாங்கும் தொகைதான். திருப்பிக் கட்டும் தொகையை யாரும் தாமாகச் சொல்வதில்லை.

100 கோடி, 8 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். 10 ஆண்டுகளில் ஆண்டுக்குச் சமமான தவணையாகக் கட்டினால் தவணை சுமார் 14.9 கோடி, மொத்தம் 149 கோடி. அதையே 20 ஆண்டாக நீட்டினால் தவணை சுமார் 10.2 கோடியாக இறங்கும், மொத்தம் 204 கோடியாக ஏறும். இன்னொரு முறையும் உண்டு: 10 ஆண்டும் வட்டி மட்டும் 8 கோடி கட்டி, கடைசியில் 100 கோடி அசலை ஒரே தவணையில் கொடுப்பது. மொத்தம் 180 கோடி. இதில் ஆபத்து மொத்தத்தில் மட்டும் இல்லை. கடைசி ஆண்டுக்கு 100 கோடியை யார் சேர்த்து வைக்கிறார்கள்? அதற்கென ஒரு மூழ்கு நிதி இருக்க வேண்டும், ஆண்டுதோறும் அதில் பணம் போட வேண்டும். இல்லையென்றால் அந்த ஆண்டில் பதவியில் இருப்பவர் புதுக் கடன் வாங்கிப் பழைய கடனை அடைப்பார்.

தள்ளிப்போடுவது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு கலிபோர்னியாவின் போவே பள்ளி மாவட்டம் (அரசுப் பள்ளிகளை நடத்தும் தனி உள்ளாட்சி அமைப்பு) பாடப்புத்தக உதாரணம். 2011-ல் அது சுமார் 10.5 கோடி டாலர் கடன் வாங்கியது. முதல் 20 ஆண்டுகளுக்கு எதுவும் கட்ட வேண்டாம், வட்டிக்கு வட்டி ஏறிக்கொண்டே போகும் என்ற வகைப் பத்திரம். கடைசியில் திருப்பிக் கட்ட வேண்டியது சுமார் 98 கோடி டாலர். ஒன்றுக்கு ஒன்பதுக்கும் மேல். இதை வாக்காளர்கள் கண்டுகொண்டபோது பத்திரம் விற்று முடிந்திருந்தது. 2013-ல் மாநிலம் சட்டம் போட்டு, பள்ளி மாவட்டங்களின் பத்திரங்களில் திருப்பிக் கட்டும் தொகை அசலைப் போல நான்கு மடங்குக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு வைத்தது. அந்த விகிதம் ஒரு நல்ல கருவி. உங்கள் பத்திரத்துக்கும் போட்டுப் பாருங்கள்: மொத்தத் திருப்பிச் செலுத்தல் வகுத்தல் அசல். மேலே சொன்ன மூன்று முறைகளில் அது 1.49, 2.04, 1.8. 2-ஐத் தாண்டினாலே காரணம் கேட்கலாம்.

அடுத்தது ஆயுள் கணக்கு. கடனின் வயது, கட்டப்படும் பொருளின் வயதைத் தாண்டக்கூடாது. லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி மாவட்டம் 2013-ல் மாணவர்களுக்கு ஐபேட் வாங்கும் பெரும் திட்டத்தைப் பள்ளிக் கட்டடப் பத்திரப் பணத்தில் தொடங்கியது. சில ஆண்டுகளே உழைக்கும் கருவிக்குப் பல பத்தாண்டுகள் ஓடும் கடன். சர்ச்சைகள் முற்றி, 2014-ல் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. சாலைக்கும் இதே சோதனை பொருந்தும். தார்ச் சாலையின் மேல்பூச்சு எத்தனை ஆண்டு தாங்கும் என்று பொறியாளரையே கேளுங்கள். அந்த எண்ணையும் பத்திரத்தின் முதிர்வு ஆண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினாலே போதும், விளக்கம் தேவைப்படாது.

படி 4: நேரம்

கண்காணிப்பவர்கள் வழக்கமாகத் தாமதமாக வருகிறார்கள். பள்ளம் தோண்டிய பிறகு, அல்லது ரிப்பன் வெட்டும் நாளில். அதற்குள் எல்லா முடிவுகளும் முடிந்திருக்கும். வரிசை பெரும்பாலும் இதுதான்: திட்ட அறிக்கை, நிதிக் குழு, மன்றத் தீர்மானம், மேலிட அனுமதி அல்லது வாக்கெடுப்பு, ரேட்டிங், சலுகை ஆவணம் (பத்திரத்தை விற்க முதலீட்டாளர்களுக்குத் தரும் விவர அறிக்கை), விற்பனை. மன்றத் தீர்மானம் வரைக்கும் நீங்கள் சொல்வதற்கு எடை உண்டு. விற்பனைக்குப் பிறகு பத்திரத்தின் நிபந்தனைகளை உங்களால் மாற்ற முடியாது, பணம் செலவாகும் விதத்தை மட்டும்தான் தொட முடியும். எனவே நிதிக் குழுவின் நிகழ்ச்சி நிரலை மாதாமாதம் வாங்கிப் படிப்பதைப் பழக்கமாக்குங்கள். சலிப்பான வேலைதான்.

விற்பனைக்கும் செலவுக்கும் நடுவில் ஒரு மௌனமான நஷ்டமும் உண்டு. பத்திரம் விற்ற நாளிலிருந்து வட்டி ஓடும். நிலம் கைக்கு வரவில்லை, டெண்டர் முடியவில்லை என்றால் பணம் வங்கியில் தூங்கும். வங்கி தரும் வட்டி வழக்கமாகப் பத்திரத்தின் வட்டியைவிடக் குறைவு. அமெரிக்காவில் வரிவிலக்குப் பத்திரங்களுக்கு, திரட்டும் பணத்தில் 85 சதவீதத்தையாவது மூன்று ஆண்டுக்குள் செலவிட முடியும் என்ற நியாயமான எதிர்பார்ப்பு வேண்டும் என்று வரிச் சட்டம் சொல்கிறது. உங்கள் இடத்தில் அப்படி விதி இல்லாவிட்டாலும் கேள்வி ஒன்றுதான்: நிலமும் அனுமதியும் கையில் இருக்கிறதா, இல்லாமலேயே ஏன் இப்போது கடன்?

படி 5: ஆவணங்கள்

எல்லாவற்றையும் கேட்டால் ஒன்றும் கிடைக்காது, அல்லது ஒரு வண்டி காகிதம் கிடைக்கும். பெயர் சொல்லிக் கேளுங்கள். மன்றத் தீர்மானம், சலுகை ஆவணம், தவணை அட்டவணை, டிரஸ்டி ஒப்பந்தம், ரேட்டிங் அறிக்கையின் முழு வடிவம், பத்திரப் பணத்துக்கான தனி வங்கிக் கணக்கின் அறிக்கை, ஒவ்வொரு ஒப்பந்தமும் அதற்கான கூடுதல் வேலை உத்தரவுகளும், பணம் சொன்ன வேலைக்கே செலவானது என்று காட்டும் பயனீட்டுச் சான்றுகள், தணிக்கை அறிக்கை. இவை போதும்.

சலுகை ஆவணம் நூற்றுக்கணக்கான பக்கம் இருக்கும். முழுக்கப் படிக்கத் தேவையில்லை. பணத்தின் பயன்பாடு, இடர்கள், நிலுவையிலுள்ள வழக்குகள், முந்தைய கடன்கள் ஆகிய பகுதிகளைப் படியுங்கள். இடர்கள் பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. மேடையில் ‘எந்தச் சிக்கலும் இல்லை’ என்று சொல்லும் அதே நிர்வாகம், முதலீட்டாளரிடம் சட்டத்துக்குப் பயந்து உண்மையைச் சொல்லும் இடம் அது.

எங்கே கேட்பது? அமெரிக்காவில் ‘எம்மா’ என்ற இலவச இணையதளத்தில் நகரங்களின் சலுகை ஆவணங்கள், ஆண்டு நிதி விவரங்கள், தவணை தவறல் போன்ற முக்கிய நிகழ்வுகளின் அறிவிப்புகள் கிடைக்கும். இத்தகைய நிகழ்வுகளை 10 வேலை நாட்களுக்குள் தெரிவிப்பதாக நகரங்கள் ஒப்பந்தத்திலேயே உறுதி தருகின்றன. இந்தியாவில், பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபி 2015-ல் கொண்டுவந்த விதிகள், திரட்டிய பணத்தைச் சலுகை ஆவணத்தில் சொன்ன திட்டங்களுக்கே செலவிட வேண்டும் என்கின்றன. உள்ளே நடப்பதை அறிய 2005-ன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்தில் பலர் கவனிக்காத ஒன்று: காகித நகல் வாங்குவது மட்டும் உரிமை அல்ல, நடக்கும் வேலையைப் பார்வையிடவும், பயன்படுத்தும் பொருளின் சான்றளித்த மாதிரியை எடுக்கவும் அது இடம் தருகிறது. இங்கிலாந்தில் 2014-ன் சட்டப்படி, உள்ளாட்சிக் கணக்குகளை 30 வேலை நாட்கள் மக்கள் பார்வைக்குத் திறந்து வைக்க வேண்டும். கடன் ஒப்பந்தங்களையும் ரசீதுகளையும் அப்போது கேட்கலாம், அந்தப் பகுதி வாக்காளர் தணிக்கையாளரிடம் முறையான ஆட்சேபமும் எழுப்பலாம். ஆண்டுக்கு ஒரு முறை வரும் அந்த நாட்களை நாட்காட்டியில் குறித்து வைக்காதவர்கள், அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதுதான்.

ஆவணம் இருக்கிறது என்பதால் அது உண்மை என்று ஆகிவிடாது. சான் டியாகோ நகரம் பத்திரங்கள் விற்றபோது ஓய்வூதியக் கடப்பாடுகளில் இருந்த பெரிய பள்ளத்தைச் சரியாக வெளிப்படுத்தவில்லை என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2006-ல் உத்தரவு பிறப்பித்தது. ஏமாந்ததாகச் சொல்லப்பட்டவர்கள் முதலீட்டாளர்கள். ஆனால் மறைந்திருந்த அந்தச் சுமையைக் கட்ட வேண்டியவர்கள் நகரவாசிகள். சட்டத்தின் பார்வை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதற்கு இன்னொரு அடையாளம்.

படி 6: குழு அமைப்பது

தனியாளாகவும் நிறையச் செய்யலாம். ஆனால் அதிகாரப்பூர்வமான மக்கள் குழு இருந்தால் ஆவணங்களுக்காகக் கெஞ்ச வேண்டியதில்லை. கலிபோர்னியாவில் 2000-ல் வாக்காளர்கள் ஏற்ற ‘முன்மொழிவு 39’ ஒரு பண்டமாற்றுப் போல இருந்தது. பள்ளிப் பத்திரங்களுக்குத் தேவையான வாக்கு மூன்றில் இரண்டு பங்கிலிருந்து 55 சதவீதமாகக் குறைந்தது. அதற்குப் பதிலாக, அப்படி வாங்கும் ஒவ்வொரு கடனுக்கும் ஆண்டுதோறும் நிதித் தணிக்கையும் செயல்பாட்டுத் தணிக்கையும் கட்டாயமாயின. கூடவே வந்த சட்டம், குறைந்தது ஏழு பேர் கொண்ட மக்கள் மேற்பார்வைக் குழுவையும் கட்டாயமாக்கியது. பள்ளி மாவட்டத்தின் ஊழியர், அதிகாரி, ஒப்பந்ததாரர், ஆலோசகர், பொருள் விற்பவர் யாரும் அதில் இருக்கக்கூடாது. வரி செலுத்துவோர் அமைப்பிலிருந்து ஒருவர் இருக்க வேண்டும்.

நல்ல வடிவம்தான், ஆனால் காகிதத்தில் குழு இருப்பதும் குழு வேலை செய்வதும் வேறு வேறு. நிர்வாகமே உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் இடங்களில் குழு ஆண்டுக்கு இரண்டு முறை கூடி, அழகான படக்காட்சியைப் பார்த்துவிட்டு, தேநீர் குடித்துக் கலையும். உங்கள் நகரத்தில் குழு அமைக்கும் பேச்சு வந்தால் நான் நான்கு விஷயங்களில் விட்டுக்கொடுக்க மாட்டேன். நிர்வாகத்துக்கு வெளியே இருப்பவர்கள் பாதிப் பேரையாவது நியமிக்க வேண்டும். வரைவு நிலையிலேயே தணிக்கை அறிக்கை குழுவுக்கு வர வேண்டும். குழு கேட்கும் ஆவணத்துக்குக் காலக்கெடு வேண்டும். அப்புறம், குழுவுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் பணம் வேண்டும். சான் பிரான்சிஸ்கோவில் 2002-ல் வாக்காளர்கள் உருவாக்கிய ஒன்பது பேர் குழுவுக்கு, பத்திரத் தொகையில் ஆயிரத்தில் ஒரு பங்குவரை கண்காணிப்புச் செலவுக்கு ஒதுக்கலாம். சிறிய தொகைபோலத் தெரியும். 100 கோடிப் பத்திரத்தில் அது 10 லட்சம். ஒரு சுதந்திரமான பொறியாளரைக் கூட்டிப்போய் வேலையை அளக்க அது போதும்.

இத்தகைய குழுக்களுக்கு வேலையை நிறுத்தும் அதிகாரம் பொதுவாக இருக்காது. அறிக்கை எழுதலாம், பொதுவில் பேசலாம், அவ்வளவுதான். அதை நினைத்துச் சோர்ந்துபோக வேண்டாம். அடுத்த பத்திரத்துக்கு வாக்கோ ஒப்புதலோ தேவைப்படும் நிர்வாகத்துக்கு, எதிர்மறையான ஒரு அறிக்கை நிஜமாகவே வலிக்கும்.

படி 7: ஒரு பக்கக் கணக்கு

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். திட்டத்துக்கு ஒரு வரி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை நிரப்ப வேண்டும். முதல் மதிப்பீடு, ஒப்பந்தத் தொகை, இதுவரை செலவு, முடிந்த வேலையின் சதவீதம், எதிர்பாராச் செலவுக்கான ஒதுக்கீட்டில் மீதி. ஐந்தே எண்கள். முதல் மதிப்பீட்டை ஒருபோதும் திருத்தாதீர்கள். நிர்வாகத்தின் அறிக்கைகளில் ‘திருத்திய மதிப்பீடு’ வந்ததும் பழையது காணாமல் போகும், பிறகு எல்லாத் திட்டமும் ‘மதிப்பீட்டுக்குள்’ முடிந்ததாக இருக்கும்.

எடுத்துக்காட்டாக ஒரு வடிகால் பணி: மதிப்பீடு 40 கோடி, ஒப்பந்தம் 38 கோடி, செலவு 27 கோடி, வேலை 45 சதவீதம். பணத்தில் 71 சதவீதம் போய்விட்டது, வேலை பாதிகூட முடியவில்லை. இதே வேகத்தில் போனால் மொத்தச் செலவு 27 வகுத்தல் 0.45, அதாவது 60 கோடி. உடனே கூச்சல் போட வேண்டாம். குழாய்களை முன்கூட்டியே வாங்கிக் குவித்திருக்கலாம், அப்போது தொடக்கத்தில் செலவு முந்தும். கிடங்கு இருப்பைக் காட்டச் சொல்லுங்கள். காட்டினால் பிரச்சினை இல்லை. காட்டவில்லை என்றால் அடுத்த கேள்வி, முடிந்த வேலைக்கான அளவீட்டுப் புத்தகம். ஒப்பந்ததாரரின் பில் எந்த அளவை வைத்து அங்கீகரிக்கப்பட்டது என்பது அதில்தான் இருக்கும்.

எதிர்பாராச் செலவு ஒதுக்கீட்டின் கதையும் இதே. வேலை 30 சதவீதம் முடிந்தபோதே ஒதுக்கீட்டில் 80 சதவீதம் தீர்ந்துவிட்டால் மீதிப் பாதையில் விபத்து காத்திருக்கிறது. கூடுதல் வேலை உத்தரவுகளைத் தேதி வாரியாக அடுக்கிப் பாருங்கள். ஒரு தொகைக்கு மேல் போனால்தான் மன்றத்தின் ஒப்புதல் வேண்டும் என்று விதி இருந்தால், அந்தத் தொகைக்குச் சற்றுக் கீழே நிற்கும் உத்தரவுகள் வரிசையாக வருகிறதா என்று கவனியுங்கள். குறைந்த விலை சொல்லி டெண்டரைப் பிடித்து, கூடுதல் உத்தரவில் ஈடுகட்டுவது உலகம் முழுக்கத் தெரிந்த உத்தி.

கணக்கில் தெரியாமல் நடப்பது ஒன்று உண்டு: வேலையைச் சுருக்குவது. 14 கிலோமீட்டர் 11 கிலோமீட்டராகும், இரண்டு நீரேற்று நிலையம் ஒன்றாகும். செலவு மதிப்பீட்டுக்குள் நிற்கும், சதவீதமும் 100 காட்டும். நோக்க வாசகத்தைக் கையில் வைத்திருக்கச் சொன்னது இதற்காகத்தான்.

மதிப்பீடு நழுவுவதைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் எங்கே முடியும்? அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பொது மின் அமைப்புகள் சேர்ந்து 1970-களில் ஐந்து அணுமின் நிலையங்களைப் பத்திரப் பணத்தில் கட்டத் தொடங்கின. 1981 வாக்கில் மொத்த மதிப்பீடு சுமார் 2,400 கோடி டாலரைத் தொட்டது, தொடக்கத்தில் சொன்னதைப்போலப் பல மடங்கு. அந்த ஆண்டு வாக்காளர்களே கையெழுத்துத் திரட்டி, பெரிய மின்திட்டப் பத்திரங்களுக்கு மக்கள் ஒப்புதல் வேண்டும் என்ற முன்மொழிவை வாக்கெடுப்பில் வெல்ல வைத்தார்கள். ஆனால் நேரம் கடந்திருந்தது. 1983-ல் 225 கோடி டாலர் பத்திரங்கள் தவணை தவறின. ஐந்தில் ஒன்றுதான் முழுமையாகக் கட்டி முடிக்கப்பட்டது.

படி 8: களத்துக்குப் போங்கள்

குறைந்தது இரண்டு பேராக, பகலில், அனுமதி வாங்கிப் போங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்று, ஒரே கோணத்தில், தேதியோடு படம் எடுங்கள். மாறாத ஒரு கட்டடமோ மின்கம்பமோ படத்தில் இருக்கட்டும். ஆறு படங்களை வரிசையாக வைத்தால், 45 சதவீதம் என்று சொல்லப்பட்டது எவ்வளவு நம்பக்கூடியது என்று தெரிந்துவிடும். பொறியாளரை எதிரியாக நினைக்காதீர்கள். பல நேரங்களில் திட்டத்தின் குறைகளைப் பற்றி உங்களைவிட அவருக்குத்தான் வருத்தம் அதிகம், சொல்ல இடம் இல்லாமல் இருப்பார்.

படி 9: கேள்வியை அமைக்கும் விதம்

‘ஏன் ஊழல் நடக்கிறது?’ என்று கேட்டால் பதில் வராது, சண்டை வரும். ‘மார்ச் மாத அறிக்கையில் செலவு 27 கோடி, டிரஸ்டி கணக்கிலிருந்து எடுத்தது 31 கோடி, இடையில் உள்ள 4 கோடி எந்தத் தலைப்பில் இருக்கிறது?’ என்று கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும். எழுத்தில் கேளுங்கள், ஒரு கடிதத்துக்கு மூன்று கேள்விக்கு மேல் வேண்டாம், பக்க எண்ணைக் குறிப்பிடுங்கள். பதில் வராவிட்டால் அதே கடிதத்தின் நகலோடு நிதிக் குழு, உள்ளாட்சித் தணிக்கையாளர், டிரஸ்டி என்று ஏறுங்கள். டிரஸ்டி உங்கள் ஆள் இல்லைதான். ஆனால் பணம் நோக்கத்தை விட்டு விலகுகிறது என்று ஆதாரத்தோடு ஒரு கடிதம் போனால், கடன் கொடுத்தவர்களின் கவலை உங்களுக்குச் சாதகமாக வேலை செய்யும்.

படி 10: பாதியில் மாறும் நிபந்தனைகள்

பத்திரம் விற்ற பிறகு கடனை மறுசீரமைக்கிறோம் என்ற தீர்மானம் ஒரு நாள் வரும். வட்டி குறைந்திருந்தால் நல்லதுதான். ஆனால் ‘சேமிப்பு’ என்று சொல்வதில் எவ்வளவு வட்டிக் குறைவால், எவ்வளவு காலத்தை நீட்டியதால் என்று பிரித்துக் கேளுங்கள். காலத்தை நீட்டினால் இந்த ஆண்டுத் தவணை குறையும், அதைச் சேமிப்பு என்று சொல்வது கணக்கு ஏமாற்று.

வட்டி மாற்று ஒப்பந்தம், அதாவது ஸ்வாப், என்ற சொல் காதில் விழுந்தால் எழுந்து உட்காருங்கள். நிலையான வட்டியையும் சந்தையோடு ஏறி இறங்கும் வட்டியையும் ஒரு வங்கியோடு மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு அது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள ஜெபர்சன் கவுண்டி (மாவட்டம் போன்ற உள்ளாட்சி அமைப்பு), கழிவுநீர் அமைப்பைச் சீர்செய்ய 1996-ல் கையெழுத்தான நீதிமன்ற உடன்பாட்டைத் தொடர்ந்து பெரும் கடன் வாங்கியது. பிறகு அதை மாறும் வட்டிக்கும் ஸ்வாப்களுக்கும் மாற்றியது. 2008 நெருக்கடியில் வட்டி எகிற, சுமார் 320 கோடி டாலர் கழிவுநீர்க் கடன் கழுத்தை நெரித்தது. 2011-ல் கவுண்டி திவால் மனு போட்டது, அமெரிக்க உள்ளாட்சி வரலாற்றில் அன்றைக்கு அதுதான் மிகப் பெரியது. ஆணையர் குழுத் தலைவராக இருந்த லாரி லாங்ஃபோர்ட், பத்திர வியாபாரத்தைத் திசைதிருப்ப லஞ்சம் வாங்கிய வழக்கில் 2009-ல் குற்றவாளி என்று தீர்ப்பானது. அந்த ஸ்வாப்களில் மறுதரப்பாக இருந்த ஜேபி மார்கன் வங்கி அதே ஆண்டு செட்டில்மெண்டில், ஸ்வாப்களை முறித்ததற்காகக் கேட்டுக்கொண்டிருந்த 64.7 கோடி டாலரைக் கைவிட்டது. கட்டணம் ஏறியது கழிப்பறை வைத்திருந்த ஒவ்வொரு வீட்டுக்கும். ‘இந்த ஒப்பந்தத்தை இன்றைக்கு முறித்தால் நாம் எவ்வளவு கட்ட வேண்டும்?’ என்ற கேள்விக்கு ஒரு எண்ணைப் பதிலாகத் தர முடியாத நிர்வாகம் அதில் கையெழுத்துப் போடக்கூடாது.

படி 11: கணக்கை மூடும்போது

வேலை முடிந்ததாக அறிவித்த பிறகு பெரும்பாலானோர் கலைந்துவிடுவார்கள். தனிக் கணக்கில் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். மிச்சப் பணம் எங்கே போக வேண்டும் என்று தீர்மானத்தில் எழுதியிருக்கும். கடனை முன்கூட்டி அடைக்க அல்லது அதே நோக்கத்துக்கு என்று இருந்தால், அப்படியே நடந்ததா என்று வங்கி அறிக்கையில் சரிபாருங்கள். ஒப்பந்ததாரரிடம் பிடித்து வைத்திருக்கும் உத்தரவாதத் தொகையைக் குறைபாட்டுக் காலம் முடியும் முன்பே விடுவித்துவிட்டார்களா என்பது அடுத்தது. மழைக்காலம் ஒன்றையாவது பார்க்காத வடிகாலுக்கு அந்தத் தொகையை விடுவிப்பதை எதிர்த்து எழுதுங்கள்.

பராமரிப்புக்கான தொகை அடுத்த ஆண்டு பட்ஜெட்டில் தனி வரியாக வந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பத்திரப் பணத்தில் கட்டலாம், பராமரிக்கக்கூடாது. அந்த வரி இல்லாவிட்டால், தவணை ஓடிக்கொண்டிருக்கும்போதே நீரேற்று நிலையத்தின் மோட்டார் நின்றுபோகும், பழுதுபார்க்க அடுத்த பத்திரத்துக்கான தீர்மானம் நிதிக் குழுவின் நிகழ்ச்சி நிரலில் ஏறும். அதன் நோக்க வாசகத்தை எடுத்து, உங்கள் ஒரு பக்கக் கணக்கின் முதல் மதிப்பீட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள்.